காதுக்குள் ஒரு கச்சேரி

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றின் கரையில் இருக்கிறது மாகறல் என்னும் சிற்றூர். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற சிவத்தலம். கோயிலில் மேளம் ஓய்ந்த பின்னும் அவ்வூரில் ஓர் ஒலி ஓய்வதில்லை. அதுதான் பட்டுத் தறியின் ஒலி. நாடா ஓடும் சரசரப்பும், பலகை வந்து மோதும் ‘டக், டக்’ என்னும் ஓசையும் நெசவாளர் வீடுகளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும்.

சென்ற பொங்கல் விடுமுறையில் அங்கே என் மாணவன் ஒருவனின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். கல்லூரியில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிப்பவன். விடுமுறை நாள்களில் தந்தைக்குத் துணையாகத் தறியில் உட்காருவான். அன்றும் தறியில்தான் இருந்தான். இரு காதுகளிலும் இயர்போன் செருகியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்தவன், சிறிது தயங்கிவிட்டுக் கேட்டான்:

“சார், இதைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா? அக்கா ஶ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிறாள். தீபாவளி போனஸில் வாங்கிக் கொடுத்தாள். பன்னிரண்டாயிரம் ரூபாய். ஆனால் மிருதங்கத்தில் ‘தொம்’ என்ற சொல்லே இதில் விழமாட்டேன் என்கிறது. பஸ் ஸ்டாண்டுக் கடையில் நானூறு ரூபாய்க்கு வாங்கிய பழைய இயர்போனில் நன்றாகக் கேட்கிறது. அக்காவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.”

“சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தாயா?”

“கூட்டிக் கூட்டிக் கடைசிவரை வந்துவிட்டேன் சார். தறிச் சத்தமும் சேர்ந்துகொள்கிறது. இரவு படுத்தால் காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு இரைச்சல்.”

அவன் முதலில் சொன்னதைவிடக் கடைசியில் சொன்னதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. இயர்போன் கெட்டால் வேறு வாங்கலாம். காது கெட்டால்?

“உட்கார், தம்பி. இதில் உன் பாடப்புத்தகத்தில் உள்ள இயற்பியலே பெரும்பகுதி இருக்கிறது” என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மிருதங்கமும் இயர்போனும்

இயர்போனின் உயிர் அதன் உள்ளே இருக்கும் ஒரு மெல்லிய தகடு. அது முன்னும் பின்னும் அசைந்து காற்றை நெருக்கியும் தளர்த்தியும் ஒலியை உண்டாக்குகிறது. இதனை அதிர்தகடு என்போம். இழுத்துக் கட்டிய தோல் ஒன்று அதிர்ந்து ஒலி எழுப்பும் கருவியை நாம் நன்கு அறிவோம். அதுதான் மிருதங்கம். ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் பல அதிர்வெண்கள் ஒன்றாக எழுகின்றன. மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணை 1 என்று கொண்டால், மற்றவை 1.59, 2.14, 2.30 என்று வருகின்றன. இவை முழு எண் மடங்குகள் அல்ல. ஆகவேதான் சாதாரணப் பறையின் ஓசையில் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கருமையான கரணையை அடுக்கடுக்காகப் பூசியிருக்கிறார்கள் அல்லவா? அந்தக் கூடுதல் எடை இந்த அதிர்வெண்களை 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் மடங்குகளுக்கு மிக அருகில் கொண்டுவந்து விடுகிறது. தோலில் சுருதி பிறக்கிறது. இதனை ஆராய்ந்து 1920ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழிலும், பின்னர் 1930களில் விரிவாகவும் எழுதியவர் நம் சர் சி. வி. இராமன். நோபல் பரிசைத் தேடித்தந்த ஒளி ஆராய்ச்சிக்கு முன்பே அவர் இசைக்கருவிகளை ஆராய்ந்தவர்.

மிருதங்கத்துக்குச் சொந்தக் குரல் வேண்டும். அதற்காகவே கரணை பூசுகிறோம். இயர்போனின் அதிர்தகட்டுக்கோ சொந்தக் குரல் இருக்கவே கூடாது. மிருதங்கம் வந்தால் மிருதங்கமாக, நாகசுரம் வந்தால் நாகசுரமாக அது ஒலிக்க வேண்டும். தனக்கென்று ஓர் அதிர்வெண்ணில் அது தானாகவே குதிக்கத் தொடங்கினால், எந்தப் பாட்டைப் போட்டாலும் அந்த ஒரு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

நல்ல அதிர்தகடு எடை குறைந்ததாகவும், எளிதில் வளையாததாகவும், அதிர்வை விரைவில் அடக்கிக்கொள்வதாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்று குணங்களும் ஒரே பொருளில் அமைவது அரிது. ஆகவே பொறியாளர்கள் பலவகைப் பிளாஸ்டிக் படலங்களையும், அவற்றின்மேல் டைட்டானியம், பெரிலியம் போன்ற உலோகப் பூச்சுகளையும் பயன்படுத்துகிறார்கள். காஞ்சிபுரத்தார் பெருமைப்படக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. பெரிய ஒலிபெருக்கிகளில் கீச்சொலிகளுக்கென்று வைக்கும் சிறு ஒலிபெருக்கியின் குவிமாடத்தைப் பட்டுத் துணியால் செய்யும் வழக்கம் இன்றும் இருக்கிறது. மெல்லியதாக இருந்தும் அதிர்வை நன்றாக அடக்கும் குணம் பட்டுக்கு உண்டு.

உள்ளே இருப்பது என்ன?

அதிர்தகட்டை அசைப்பது யார்? பெரும்பாலான இயர்போன்களில் தகட்டின் பின்புறம் தலைமயிர் போன்ற மெல்லிய கம்பியால் ஆன சுருள் ஒட்டப்பட்டிருக்கும். அது ஒரு காந்தத்தின் இடைவெளியில் நிற்கும். சுருளில் பாட்டின் மின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் அதனை முன்னும் பின்னும் தள்ளுகிறது. மின்மோட்டார் சுழல்வதற்குக் காரணமான அதே விசைதான் இது. 1980களின் தொடக்கத்தில் நியோடிமியம் என்ற தனிமத்தைக் கொண்டு மிக வலிய காந்தங்கள் உருவாக்கப்பட்டன. அதன் பின்னரே பட்டாணி அளவு இடத்தில் இவ்வளவு பெரிய விசையை அடைப்பது எளிதாயிற்று.

இன்னொரு வகையும் உண்டு. அதில் சுருள் அசைவதில்லை. சுருளுக்குள், இரு காந்தங்களுக்கு நடுவே, ஒரு சிறிய இரும்பு நாக்கு சமநிலையில் நிற்கிறது. மின்னோட்டம் பாயும்போது அது மேலும் கீழும் அசைந்து, ஊசி போன்ற ஒரு குச்சியின் வழியாகத் தகட்டை அசைக்கிறது. காது கேளாதோருக்கான செவித்துணைக் கருவிகளில் பயன்பட்டு வந்த அமைப்பு இது. அரிசியைவிடச் சற்றுப் பெரிய பெட்டிக்குள் இதை அடக்கிவிடலாம். விலையுயர்ந்த இயர்போன்களில் தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, நடு ஒலிக்கு ஒன்று, கீச்சொலிக்கு ஒன்று என்று இத்தகைய பல பெட்டிகளை ஒரே கூட்டுக்குள் வைத்து, வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பதும் உண்டு.

காதுக்குள் ஆழமாகச் செருகும் உயர்தர இயர்போன்களின் வரலாறும் செவி ஆராய்ச்சியோடு பின்னியதே. அமெரிக்கச் செவியியல் அறிஞர் மீட் கில்லியன் 1983இல் எடிமோடிக் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். செவிச் சோதனைக்கான கருவிகளைச் செய்த அந்நிறுவனம், 1991இல் அதே நுட்பத்தைக் கொண்டு இசை கேட்பதற்கான இயர்போன் ஒன்றை வெளியிட்டது. இன்றைய இயர்போன்கள் பலவற்றுக்கு அதுவே முன்னோடி.

பட்டிழையில் நூறில் ஒரு பங்கு

கல்யாண வீட்டில் தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் ஒலிபெருக்கியின் தகடு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கிறது. அது அசைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு சென்டிமீட்டர் அகலமே உள்ள இயர்போன் தகடு எப்படி அதே ‘தொம்’மைத் தருகிறது?

கல்யாணப் பந்தலில் ஒலிபெருக்கி எழுப்பும் காற்றழுத்தம் நாலாபக்கமும் கலைந்து ஓடிவிடுகிறது. காதுக்குள்ளோ காற்றுக்கு ஓட இடமில்லை. ஒரு பக்கம் செவிப்பறை, மறுபக்கம் இயர்போன், சுற்றிலும் செவிக்குழலின் சுவர். நடுவே சிக்கியிருக்கும் காற்று ஏறத்தாழ 1¼ கன சென்டிமீட்டர்தான். இச்சிறு காற்றைச் சற்றே நெருக்கினாலும் அழுத்தம் உடனே ஏறிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 94 டெசிபல் என்பது உரத்த ஒலி. அதன் அழுத்தம் 1 பாஸ்கல். நம்மைச் சூழ்ந்த வளிமண்டல அழுத்தமோ ஏறத்தாழ 1,00,000 பாஸ்கல். விரைவாக நெருக்கப்படும் காற்றுக்கான விதியின்படி, அடைபட்ட காற்றின் அழுத்தத்தை 1 பாஸ்கல் உயர்த்த, அதன் கன அளவில் 1,40,000இல் ஒரு பங்கைக் குறைத்தால் போதும். ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள தகடு இதைச் செய்ய எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்கிட்டால், விடை ஒரு மைக்ரானில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்று வருகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பசை நீக்கிய தனிப் பட்டிழை ஒன்றின் தடிப்பு சுமார் 10 மைக்ரான். ஆக, பட்டிழையின் தடிப்பில் நூறில் ஒரு பங்கு தகடு நகர்ந்தாலே காதுக்குள் மிருதங்கம் முழங்கிவிடும்!

ஆனால் இந்த வித்தைக்கு ஒரு நிபந்தனை உண்டு. காற்று அடைபட்டே இருக்க வேண்டும். இயர்போனின் முனையில் உள்ள ரப்பர், செவிக்குழலின் சுவரோடு இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். சிறிது இடைவெளி விட்டாலும் என்ன ஆகும்?

சைக்கிள் பம்ப்பின் துவாரத்தை விரலால் லேசாக மூடிக்கொண்டு, கைப்பிடியை மெதுவாக அழுத்திப் பாருங்கள். காற்று விரலிடுக்கில் கசிந்து போய்விடும். அழுத்தம் ஏறாது. அதையே வேகமாக அழுத்திப் பாருங்கள். கசிவதற்கு நேரமில்லாமல் காற்று விரலை முட்டித் தள்ளும். இயர்போனிலும் இதுவேதான் நடக்கிறது. வினாடிக்குச் சில பத்து முறையே அதிரும் தாழ்ந்த ஒலியில் காற்றுக்குக் கசிய அவகாசம் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் அதிரும் கீச்சொலியில் அவகாசம் கிடைப்பதில்லை. எனவே ரப்பர் சரியாகப் பொருந்தாத இயர்போனில் கீச்சொலி அப்படியே இருக்கும், ‘தொம்’ மட்டும் காணாமல் போகும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் மாணவனின் முகம் மாறியது. “அப்படியானால் கோளாறு இயர்போனில் இல்லையோ, சார்?” என்றான். “பொறு, இன்னும் ஒரு பாடம் இருக்கிறது” என்றேன்.

பேனா மூடி சொல்லும் பாடம்

ஒரு பேனா மூடியை எடுத்து அதன் வாயைக் கீழுதட்டருகே வைத்துக் குறுக்காக ஊதுங்கள். ‘கீ’ என்று ஒரு சீழ்க்கை எழும். ஒரு முனை மூடி, மறு முனை திறந்த குழாய் அது. இத்தகைய குழாயில் அலைநீளத்தின் கால் பங்கு குழாயின் நீளத்துக்குச் சமமாகும்போது ஒத்ததிர்வு ஏற்படும் என்று படித்திருப்பீர்கள். மூடியின் உட்புற நீளம் 5 செ.மீ. என்றால், அலைநீளம் 20 செ.மீ. காற்றில் ஒலியின் வேகத்தை வினாடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால் அதிர்வெண் 1,700 ஹெர்ட்ஸ்.

நம் செவிக்குழலும் ஒரு பேனா மூடிதான். நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. வெளிப்புறம் திறந்திருக்கிறது, உட்புறம் செவிப்பறையால் மூடியிருக்கிறது. உடலின் வெப்பத்தால் உள்ளே ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 350 மீட்டர். கணக்கிட்டால் 3,500 ஹெர்ட்ஸ் வருகிறது. காது மடலின் குழிவும் சேர்ந்துகொள்வதால், உண்மையில் 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் செவிப்பறையை அடையும்போது 10 முதல் 15 டெசிபல்வரை வலுத்து விடுகின்றன. பிறந்த நாள் முதல் நாம் உலகைக் கேட்பது இந்தக் கூட்டலோடுதான். நாகசுரத்தின் கணீரென்ற குரலும், அம்மாவின் குரலும் நமக்கு அப்படித்தான் பழக்கம்.

இப்போது இயர்போனைச் செருகுங்கள். திறந்திருந்த வாய் அடைபட்டுவிட்டது! பழைய ஒத்ததிர்வு போய்விட்டது. இரு முனையும் மூடிய, சுமார் 2 செ.மீ. நீளமுள்ள குழாய்தான் மிச்சம். இதில் அலைநீளத்தின் பாதி குழாயின் நீளத்துக்குச் சமமாகும்போது ஒத்ததிர்வு ஏற்படும். கணக்கிட்டால் 8,750 ஹெர்ட்ஸ். அதாவது, இயற்கை தந்த 3,000 ஹெர்ட்ஸ் மேடு மறைந்து, முன்பு இல்லாத இடத்தில் ஒரு புதிய மேடு முளைக்கிறது. இப்படியே விட்டால் பாட்டு உயிரற்றும், ஜால்ராவின் ஒலி மட்டும் ஊசிபோல் குத்திக்கொண்டும் கேட்கும்.

இழந்த மேட்டைத் திரும்பக் கட்டுவதும், வேண்டாத மேட்டைத் தணிப்பதும்தான் இயர்போன் வடிவமைப்பாளரின் முக்கிய வேலை. தகட்டின் இயல்பு, அதன் முன்னும் பின்னும் உள்ள காற்றறையின் அளவு, கூட்டில் இட்ட ஊசித்துளை, ஒலி வெளிவரும் மூக்கின் நீளம், அதில் பொருத்திய நுண்ணிய வலை ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்து இதைச் செய்கிறார்கள். இயர்போனின் மூக்கை நீளமாக்கிக் காதில் ஆழமாகச் செருகினால் மிஞ்சும் குழாய் குறுகும். 1.5 செ.மீ. மட்டுமே மிஞ்சினால் அந்த மேடு ஏறத்தாழ 11,700 ஹெர்ட்ஸுக்கு ஏறி, பாட்டுக்கு அவ்வளவாக இடையூறு செய்யாத இடத்துக்குப் போய்விடும். நெசவில் ஓர் இழை தப்பினால் புட்டா கோணலாகிவிடுவது போல, இங்கும் அரை மில்லிமீட்டர் துளை மாறினால் ஒலி மாறிவிடும்.

விலை எவ்வளவு, ஒலி எப்படி?

இத்தனை நுட்பம் இருக்கிறதே, அப்படியானால் விலை கூடக் கூட ஒலியும் நயமாகுமா? இக்கேள்வியை ஊகத்துக்கு விடாமல் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆராய்ச்சியாளர், காதில் செருகுபவை, காதின்மேல் வைப்பவை, காதை மூடுபவை ஆகிய எல்லா வகைகளிலும் 283 கருவிகளின் ஒலித்தன்மையை அவற்றின் விலையோடு ஒப்பிட்டு 2017இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்தெந்த அதிர்வெண்ணை எவ்வளவு வலுவாகத் தருகிறது என்னும் ஒலித்தன்மைக்கும் விலைக்கும் தொடர்பு எதுவும் காணப்படவில்லை என்பதே அவருடைய முடிவு.

“ஒலி நன்றாக இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறுபடுமே, சார்?” என்று மாணவன் கேட்டான். நியாயமான கேள்வி. ஹார்மன் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர் ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும், தலையில் அணியும் ஒலிக்கருவிகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சீனா ஆகிய நான்கு நாடுகளில் 238 பேரைக் கேட்க வைத்துத் தங்கள் முடிவை 2014இல் வெளியிட்டார்கள். எந்தக் கருவியின் ஒலி என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. நாடும் வயதும் அனுபவமும் வேறுபட்டிருந்தும், பெரும்பாலோர் விரும்பியது ஏறக்குறைய ஒரே ஒலித்தன்மையைத்தான். நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்து கேட்பது போன்ற ஒலி அது.

அப்படியானால் கூடுதல் விலை வீண் என்று பொருளா? இல்லை. நீண்ட உழைப்பு, காதில் உறுத்தாத கூடு, இடமும் வலமும் ஒன்றுபோல் ஒலிப்பது, கம்பியில்லா இணைப்பு, வெளி இரைச்சலை அடக்கும் மின்னமைப்பு ஆகியவற்றுக்கெல்லாம் விலை உண்டு. ஆனால் இத்தனையும் தந்து வாங்கிய கருவியும், முனையில் உள்ள சிறு ரப்பர் பொருந்தாவிட்டால், நானூறு ரூபாய்க் கருவியிடம் தோற்றுவிடும்.

தறிச் சத்தமும் செவியின் கணக்கும்

இப்போது காதிரைச்சலுக்கு வருவோம். ஒவ்வொரு காதின் உள்ளேயும், நத்தைக் கூடு போன்ற உறுப்பில், ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. ஒலியின் அதிர்வை நரம்புக்குச் செய்தியாக மாற்றுபவை இவையே. அளவுக்கு மீறிய ஒலி இவற்றைச் சோர வைக்கிறது. தொடர்ந்து தாக்கினால் அழித்துவிடுகிறது. பறவைகளுக்கு அழிந்த மயிர்ச்செல்கள் மீண்டும் முளைக்கின்றன. மனிதனுக்கு முளைப்பதில்லை.

இரைச்சலால் வரும் செவிக்குறை பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ்வரை உள்ள பகுதியில்தான் முதலில் தோன்றுகிறது. நம் பேனா மூடிக் கணக்கு நினைவிருக்கிறதா? செவிக்குழல் இயற்கையாகவே வலுப்படுத்தித் தரும் பகுதியும் அதனை ஒட்டியதே. ஸ, ஷ, ச போன்ற ஒலிகளின் நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. இப்பகுதி மங்கியவருக்குப் பேச்சு காதில் விழும், ஆனால் சொல் புரியாது.

எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் ஓர் அளவு தந்திருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம். ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 3 டெசிபல் என்பது ஒலியின் ஆற்றல் இரு மடங்காவதைக் குறிக்கிறது. ஆகவே 83 டெசிபலுக்கு 20 மணி நேரம், 86க்கு 10 மணி, 89க்கு 5 மணி, 92க்கு இரண்டரை மணி, 95க்கு ஒன்றேகால் மணி. நினைவிருக்கட்டும், ஒரு நாளைக்கு அல்ல, ஒரு வாரத்துக்கே இவ்வளவு! சிறுவர்களுக்குத் தொடக்க அளவே 75 டெசிபல்தான்.

இனி மாகறலுக்கு வருவோம். தறி ஓடும் அறையில் இரைச்சல் 75 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். பாட்டு அதைவிட 10 டெசிபலாவது உயர்ந்திருந்தால்தான் தெளிவாகக் கேட்கும். ரப்பர் பொருந்தாத இயர்போன் வெளி இரைச்சலைத் தடுப்பதில்லை. ஆகவே பாட்டை 85 டெசிபலுக்கு ஏற்ற வேண்டும். ‘தொம்’ கேட்கவில்லை என்று இன்னும் 7 டெசிபல் ஏற்றினால் 92 ஆகிவிடும். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான் அனுமதி. என் மாணவனோ ஒரே நாளில் ஐந்தாறு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதே இயர்போன் இறுகப் பொருந்தினால் வெளி இரைச்சலில் 20 முதல் 30 டெசிபல்வரை தடுத்துவிடக்கூடும். 25 என்று கொண்டால், காதை அடையும் தறிச் சத்தம் 50 டெசிபல்தான். பாட்டை 65 அல்லது 70 டெசிபலில் வைத்தாலே சுகமாகக் கேட்கலாம். இசையும் நயமாகும், காதும் பிழைக்கும். ஒரே ரப்பர் இரண்டையும் செய்கிறது.

மின்னமைப்பால் இரைச்சலை அடக்கும் முறையும் உண்டு. வெளி ஒலியை அளந்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி, இரண்டையும் ஒன்றோடொன்று அழித்துக்கொள்ளச் செய்யலாம் என்று ஜெர்மானியரான பால் லூக் 1936இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இதனை விமானிகள் அணியத்தக்க கருவியாக்கி 1989இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது, வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்த பேராசிரியர் அமர் போஸின் நிறுவனம். விமானம், பேருந்து ஆகியவற்றின் சீரான ‘உம்’ என்ற ஒலியை இம்முறை நன்றாக அடக்கும். தறிப்பலகையின் திடீர் ‘டக்’கை அவ்வளவு எளிதில் அடக்காது. அதற்கு இறுகப் பொருந்திய ரப்பரே நம்பகமான துணை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வெளி ஒலியை அடைத்துவிட்டுச் சாலையிலோ, ரயில் பாதை அருகிலோ ஒருபோதும் நடக்காதீர்கள். காது பாட்டுக்கு மட்டும் அல்ல, பின்னால் வரும் லாரிக்கும் சேர்த்துத்தான் படைக்கப்பட்டிருக்கிறது.

பெட்டியில் கிடந்த விடை

“இயர்போன் வந்த பெட்டி இருக்கிறதா?” என்று கேட்டேன். பரணிலிருந்து எடுத்து வந்தான். அடியில் ஒரு சிறு பொட்டலம், பிரிக்காமலே கிடந்தது. உள்ளே சிறியதும் பெரியதுமாக இரண்டு ஜோடி ரப்பர்கள். கருவியில் மாட்டி வந்திருந்தது நடுத்தர அளவு. அதையே எல்லாருடைய காதுக்கும் உரியது என்று அவன் எண்ணிவிட்டான். பெரியதை மாட்டினோம். காது மடலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மெதுவாகத் திருகிச் செருகச் சொன்னேன். வலது காதுக்குப் பெரியதும் இடது காதுக்கு நடுத்தரமும் பொருந்தின. இரு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பிறகு சோதனை. அவனைக் கண்ணை மூடச் சொல்லி, பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றி அவன் தங்கை காதில் வைத்தாள். இரண்டிலும் ஒலியளவு ஒன்றுபோல் இருக்கும்படி முதலிலேயே சரிசெய்துகொண்டோம். ஏனெனில் சற்றே உரத்துக் கேட்பதை ‘நயமானது’ என்று நம் காது ஏமாந்துவிடும். கருவிகளை ஒப்பிடுகிற பலர் தவறுவது இங்கேதான். காதில் மாட்டும்போதே கூட்டின் வடிவத்தைக்கொண்டு எது எதுவென்று அவன் ஊகித்திருக்கலாம். எனவே இதை முழுமையான சோதனை என்று சொல்லமாட்டேன். ஆனால் புதியதில் மிருதங்கத்தின் தொப்பி ‘தொம்’ என்று அதிர்ந்ததும், கண் மூடியிருந்தவன் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. ஒலியளவு முன்பு வைத்திருந்ததில் பாதிகூட இல்லை.

செவி மருத்துவரிடம் காட்டிச் செவிச் சோதனை செய்துகொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன். சில நாள் கழித்துக் கல்லூரியில் சந்தித்தான். இரைச்சல் நின்றுவிட்டது என்றும், செவிச் சோதனையில் குறை எதுவும் காணவில்லை என்றும் சொன்னான். “இந்த முறை தப்பித்தாய், மறுமுறை இரைச்சல் போகாமலே தங்கிவிடலாம் என்று டாக்டர் சொன்னார், சார்” என்றான்.

மாணவ நண்பர்களே, நீங்களும் செய்து பாருங்கள். இயர்போனை மாட்டிக்கொண்டு, தாழ்ந்த ஒலி நிறைந்த பாட்டு ஒன்றைக் குறைந்த அளவில் வையுங்கள். ரப்பரை விரலால் மெல்ல உள்ளே அழுத்துங்கள். தாழ்ந்த ஒலி சட்டென்று கூடினால், உங்கள் ரப்பர் கசிகிறது என்று பொருள். வேறு அளவை மாட்டுங்கள். பிறகு ஒலியளவைக் குறையுங்கள். ஒரு கை தூரத்தில் நிற்பவர் சாதாரணமாகப் பேசுவது பாட்டுக்கு நடுவிலும் காதில் விழுகிறதா என்று பாருங்கள். மணிக்கொரு முறை இயர்போனைக் கழற்றி வைத்துக் காதுக்கு ஓய்வு கொடுங்கள். இரவில் காது இரைந்தால், அது செவி அனுப்பும் புகார் என்று அறிந்து, தயங்காமல் வீட்டில் சொல்லுங்கள்.

அவனுடைய அக்காவைப் பற்றிக் கேட்டேன். “இயர்போன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், சார். இப்போது அது பொய் இல்லை” என்றான்.